நான் பரிசு வாங்கிய கதை

இந்த முறை சுவர் இதழுக்குப் 'பிறருக்கு உதவுதல்' பற்றி எழுதச் சொன்னார் தமிழ் ஐயா. "நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல பிறந்த ராமானுஜரைப் பத்தி யாராவது எழுதுங்களேன்" என்றார். ரகசியமாக வைக்கச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோட்டியூர் கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் சொல்லிவிட்டார் என்பார்களே, அந்தக் கதை. அதை எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி எழுதுகிறாள். நான் எங்கள் சர்ச்சில் சொல்லிப் பரிசு வாங்கிய கதையை எழுதுவதாகப் பெயர் கொடுத்தேன்.

அது ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதை. ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்தவர். அப்பா அமெரிக்க மிஷனரி டாக்டர். ஐடாவுக்கு இந்த ஊரே பிடிக்காது. பஞ்சமும் நோயும் பார்த்துப் பயந்தவர். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் திண்டிவனம் வந்தார், சீக்கிரம் அமெரிக்காவுக்கே திரும்பிவிடலாம் என்று. அங்கே ஒரு ராத்திரி, ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறு ஒரு சாதி இந்து. மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வலி. "எங்க அப்பா டாக்டர், அவரைக் கூட்டிப் போங்க" என்று கெஞ்சினார் ஐடா. ஆம்பளை டாக்டர் வரக்கூடாது என்று மூவரும் போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். சாவு மேளம் ஐடாவின் காதில் விழுந்தது.

அப்புறம் அவர் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து 1899-ல் பட்டம் வாங்கினார். 1900-ல் திரும்பி வந்தார். வேலூரில் 1902-ல் 40 படுக்கையோடு ஆஸ்பத்திரி, 1909-ல் நர்சிங் பள்ளி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய சி.எம்.சி. நம்ம ஊர் வழியாக வேலூர் பஸ் போகிறதே, அதில் ஸ்கேன் கவரைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் பலர் அங்கேதான் போகிறார்கள். 1960-ல் கொடைக்கானலில் இறந்தார். அப்போது வயது 89.

இதை நான் கையை ஆட்டி ஆட்டி, கதவு தட்டுகிற இடத்தில் மேசையையே தட்டிச் சொன்னேன். முதல் பரிசு கிடைத்தது, எவர்சில்வர் டிபன் பாக்ஸ். எங்க ஆயா அதைச் சாமான் அலமாரியில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார்.

இதோடு முடித்திருந்தால் நல்ல கட்டுரை. ஆனால் அதற்கடுத்த வியாழக்கிழமை ஒன்று நடந்தது.

நாங்கள் இருப்பது ஒரகடம் கூட்டு ரோட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு லைன் வீடு. ஆறு வீட்டுக்கு ஒரே குழாய். பக்கத்து வீட்டில் ஒடிசாக்காரர்கள். அவர்கள் மகள் நம்ம பள்ளிதான், கடைசி பெஞ்ச். (பெயர் போட வேண்டாம் என்று சொல்லித்தான் எழுத விட்டாள்.) அன்று காலையில் குழாயடியில் அவளுக்கும் எனக்கும் சண்டை. அவள் முறைதான். எனக்குப் பள்ளிக்கு நேரமாகிறது என்று அவள் குடத்தைத் தள்ளிவிட்டு, "போடி இந்திக்காரி" என்றேன். அவள் பேசுவது இந்தியே இல்லை, ஒடியா. அதுகூட எனக்குத் தெரியாது.

ராத்திரி அம்மாவுக்கு நைட் ஷிப்ட். ஆயா மாமா வீட்டுக்குப் போயிருந்தார். நானும் தம்பியும்தான். ஒரு மணி இருக்கும், கதவு தட்டுகிற சத்தம். எழுந்து லைட்டைப் போட்டேன். "கதவு திற, அம்மா வலி" என்று அவள் குரல். எனக்குக் காலையில் சண்டை போட்டது ஞாபகம் வந்தது. மறுநாள் கணக்குத் தேர்வு வேறு. வேறு வீட்டைத் தட்டட்டும் என்று லைட்டை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

அவள் மற்ற வீடுகளையும் தட்டினாள். பாதிப் பேர் ஷிப்டில். அவள் அப்பாவும் ஷிப்டில். திரும்ப எங்கள் கதவுக்கே வந்தாள். இந்த முறை தட்டவில்லை, அழுதாள். அப்புறம்தான் திறந்தேன். எவ்வளவு நேரம் ஆனது என்று சத்தியமாகத் தெரியாது.

அம்மா வைத்துவிட்டுப் போகிற பட்டன் போனில் 108 போட்டேன். மாவட்டம் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள், பக்கத்தில் என்ன அடையாளம் என்று கேட்டார்கள். "தண்ணி டேங்க், எதிர்ல கார் ஏத்துற லாரிங்க நிக்கும்" என்றேன். அவள் ரோட்டுக்கு ஓடிப் போய் நின்று வண்டியைக் கூட்டி வந்தாள். ஸ்ரீபெரும்புதூர் அரசு ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாஸ்டர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "கதையாகச் சொன்னதை வாழ்ந்தே காட்டிவிட்டாள்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஐடா அம்மையாருக்கு அன்று வைத்தியம் தெரியாது. தெரியாமல் போயிற்றே என்று விடிய விடிய அழுதவர் அவர். எனக்கு மூன்று நம்பர் தெரியும். தெரிந்தும் லைட்டை அணைத்தவள் நான்.

அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. காய் நறுக்கிக்கொண்டே, "அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?" என்று மட்டும் கேட்டார்.

சொல்லப் போனேன். டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு போனேன், கொடுத்துவிடலாம் என்று. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஆரம்பிப்பதற்குள், "தெரியும். லைட் வந்துச்சு, லைட் போச்சு. கதவு கீழே பார்த்தேன்" என்றாள். இவ்வளவு நாளும் யாரிடமும் அவள் சொல்லவில்லை. நான் அழுதேன். அவள் அழவில்லை. டிபன் பாக்ஸும் வேண்டாமாம்.

மறுநாள் காலை தண்ணி வந்தது. அவள் குடத்தை முதலில் வைக்கச் சொன்னேன். "இன்னிக்கு உன் முறை" என்று என் குடத்தை எடுத்துக் குழாய்க்கு நேராக வைத்தாள். நிறைகிற வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவளே தண்ணீரைக் காட்டி, "ஒடியாவுல பாணி" என்றாள்.

— 9-ஆம் வகுப்பு மாணவி