மோதியா என்றால் மல்லிகை

டெல்லிக்காரர்கள் குண்டுமல்லியை மோதியா என்கிறார்கள். மோதி என்றால் முத்து. மொட்டு முத்துப் போல இருப்பதால் வந்த பெயர். (கண்புரைக்கும் அவர்கள் மோதியாபிந்த் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.) அந்தக் கணக்கில் மோதி பாக் என்பது முத்துத் தோட்டம். பெயரை நம்பி அங்கே பூ தேடிப் போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார். மத்திய அரசு ஊழியர்களின் குவார்ட்டர்ஸ், 1707-ல் குரு கோவிந்த் சிங் தங்கிய இடத்தில் எழுந்த குருத்வாரா, டெல்லி தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகளில் ஒன்று, ரிங் ரோடின் ஓயாத இரைச்சல். இவைதான் மோதி பாக். மல்லிகைச் சரம் வேண்டுமென்றால் பக்கத்து ஆர்.கே. புரத்தில் மலை மந்திர் வாசலுக்குப் போக வேண்டும்.

மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பத்துக்கு இந்த ஊர் முதலில் அறிமுகமாவது மூக்கு வழியாகத்தான். அடுத்த வீட்டுச் சமையலறையிலிருந்து வரும் கடுகெண்ணெய் நெடி. ஏப்ரலில் வேப்பம்பூ. கோடையில் கஸ் தட்டி வைத்த கூலரின் ஈர வாசனை. ஊரில் பானைத் தண்ணீரில் போட்ட வெட்டிவேர்தான் இந்தக் கஸ் என்று புரிவதற்கே ஒரு கோடை ஆகிவிடுகிறது. அக்டோபரில் சாலையோர ஏழிலைப்பாலை மரங்கள் பூக்கும். இரவில் அதன் மணம் சிலரை ஜன்னலைத் திறக்க வைக்கும், சிலரை ஆஸ்துமா மருந்தைத் தேட வைக்கும். பிறகு தீபாவளிப் புகையும் பனிமூட்டமும் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும்.

இவ்வளவு வாசனைக்கு நடுவே வாழ்ந்தும் தமிழ் வீடுகளில் வாசனைப் பித்து என்பது அபூர்வம். துபாயிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த உறவினர் கொடுத்த 'ஃபாரின் செண்ட்' பீரோவில் பட்டுப் புடவைகளோடு பூட்டி வைக்கப்படும். கல்யாணத்துக்குக் கல்யாணம் வெளியே வரும். செண்டுக்கு இருட்டு நல்லதுதான். ஆனால் டெல்லியின் மே மாதச் சூடு அதற்கு எமன். ஐந்தாறு கோடைகளைப் பார்த்த பாட்டிலில் முதலில் கெடுவது, திறந்தவுடன் எழும் எலுமிச்சை, நாரத்தை வகை மணங்கள்தான்.

விஷயம் தெரியாமல் போனதற்கு மொழியும் ஒரு காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது. கடையில் விற்கும் நூறு வகை வாசனைக்கும் இன்று நம்மிடம் இருக்கும் ஒரே சொல் செண்ட். சிலப்பதிகாரத்தில் மாதவியின் நீராட்டுக்கு 10 வகைத் துவர், 5 வகை விரை, 32 வகை ஓமாலிகை என்று கணக்கே உண்டு. நாற்றம் என்ற சொல்கூட ஒரு காலத்தில் நறுமணத்தைத்தான் குறித்தது. ஆண்டாள் காலத்தில் பூ நாறியது. இன்று அப்படிச் சொன்னால் பூக்காரம்மா சண்டைக்கு வருவார்.

வேடிக்கை என்னவென்றால், வேதியியல் அந்தப் பழைய சொல்லின் பக்கம்தான் நிற்கிறது. மல்லிகையின் மணத்தில் இண்டோல் என்ற பொருள் இருக்கிறது. மலத்திலும் இருக்கிறது. துளியூண்டு இருந்தால் பூ மணம், கூடினால் துர்நாற்றம். முதல் நாள் இரவு தலையில் சொக்க வைத்த சரம் மறுநாள் காலை ஏன் முகம் சுளிக்க வைக்கிறது என்பதற்கும் இதில் பாதி பதில் இருக்கிறது. இண்டோலை அடியோடு நீக்கிய மல்லிகை செண்ட், சோப்பு வாசனையடிக்கும் ஒரு சமர்த்துப் பிள்ளை. ருசிகர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ருசிகர் ஆவது எப்படி? பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும். மனிதக் கண்ணுக்கு நிறம் பார்க்க மூன்று வகை உணர்விகள். மூக்கில் சுமார் 400 வகை. இந்த உணர்விகளின் மரபணுக்களைக் கண்டுபிடித்து 1991-ல் அறிவித்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவரும் 2004-ல் நோபல் பரிசு பெற்றார்கள். கருவி எல்லோரிடமும் இருக்கிறது, பழக்கம்தான் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று வாசனைக்கு மேல் முகர்ந்தால் மூக்கு அலுத்துவிடும். காகிதத் துண்டில் முகர்ந்து பிடித்துப்போனாலும், தோலில் தடவி அரை மணி நேரம் காத்திருக்காமல் வாங்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது பெயர் தெரிவது. மரிக்கொழுந்தைத் தனியாக, தாழம்பூவைத் தனியாக, ஜவ்வாதைத் தனியாக முகர்ந்து மனதில் குறித்துக்கொண்ட மூக்குக்குத்தான், மூன்றும் கலந்திருக்கும்போது பிரித்துச் சொல்ல வரும். தமிழர்களுக்கு இதில் கூடுதல் வசதி. பாதிப் பாடத்தைக் கோயில் வாசலிலேயே படித்திருக்கிறார்கள், தேர்வுதான் எழுதவில்லை.

தேர்வு எழுத டெல்லியில் நல்ல இடம் ஒன்று இருக்கிறது. மோதி பாக்கில் 2018-ல் மெட்ரோ வந்தது. பிங்க் லைனில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் ஐ.என்.ஏ. அங்கே மஞ்சள் லைனுக்கு மாறினால் நேராக சாந்தினி சௌக். அங்கே வெள்ளி நகைக் கடைகள் நிறைந்த தரீபா கலான் சந்தில், குலாப்சிங் ஜோஹ்ரிமல் அத்தர் கடை 1816-லிருந்து இருக்கிறது. அப்போது செங்கோட்டையில் முகலாய பாதுஷா இருந்தார்.

ஸ்ப்ரே செண்டுக்குப் பழகியவருக்கு அத்தர் முதலில் ஏமாற்றமாகவே இருக்கும். அதில் ஆல்கஹால் இல்லை, அதனால் குப்பென்று கிளம்பாது. தோலோடு ஒட்டிக்கொண்டு, உடம்புச் சூட்டில் மெல்ல எழும்பும். அறைக்குள் நுழைந்ததும் ஊருக்கே அறிவிக்கிற பழக்கம் அதற்குக் கிடையாது. பக்கத்தில் வருகிறவருக்கு மட்டும் தெரியும். அதற்குப் பருவமும் உண்டு. கஸ், குலாப், மோதியா எல்லாம் கோடைக்கு. பல மூலிகைகளையும் மசாலாக்களையும் சேர்த்து வடிக்கும் ஷமாமாவும், மருதாணியின் பெயரைத் தாங்கிய ஹினாவும் குளிருக்கு. ஜூன் மாதம் ஷமாமா பூசிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்காரர் இறங்கிவிடக்கூடும்.

இந்த அத்தர்களின் தாய்வீடு உத்தரப் பிரதேசத்தில் கங்கைக்கரை ஊரான கன்னோஜ். டெல்லியிலிருந்து சுமார் 400 கி.மீ. அங்கே இன்றும் செம்புப் பானையில்தான் வடிக்கிறார்கள். தேக் என்ற பெரிய பானையில் பூவும் தண்ணீரும் போட்டு, மூடியைக் களிமண்ணாலும் பஞ்சாலும் அடைத்து, அடியில் விறகு எரிப்பார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாக பப்கா என்ற இன்னொரு பாத்திரத்துக்குப் போகும். பப்கா தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்திருக்கும். அதற்குள் காத்திருப்பது சந்தன எண்ணெய். குளிர்ந்து இறங்கும் பூவின் மணத்தைச் சந்தனம் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரைப் பிரித்து எடுத்துவிட்டு மறுநாள் புதுப் பூ, மறுபடி அதே வேலை. இப்படிப் பல நாட்கள். சூடு அதிகமா குறைவா என்பதைத் தீர்மானிப்பது வேலைக்காரரின் கைதான். தெர்மாமீட்டருக்கு அங்கே வேலையில்லை. கன்னோஜ் அத்தருக்கு 2014-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கன்னோஜ்காரர்கள் பூவோடு நிற்கவில்லை. சுட்ட மண்ணை அதே பானையில் போட்டு முதல் மழையின் வாசனையை வடித்தார்கள். மிட்டி அத்தர். ஐசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1964-ல் அந்த வாசனைக்குப் பெட்ரிகோர் என்று பெயர் சூட்டிக் கட்டுரை எழுதியபோது, இந்தியாவில் இதை வடித்து விற்கிறார்கள் என்பதையும் அதில் குறிப்பிட்டார்கள். ஜூன் கடைசியில் மழைக்காக வானத்தைப் பார்த்து அலுத்த டெல்லிவாசி, இதை ஒரு துளி மணிக்கட்டில் வைத்தால் கொஞ்ச நேரம் ஏமாந்து இருக்கலாம்.

ஆனால் பாத்திரத்தில் காத்திருக்க வேண்டிய சந்தனம் இப்போது பல இடங்களில் இல்லை. கர்நாடக, தமிழகக் காடுகளின் சந்தன மரங்கள் எப்படிப் போயின என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. 2004-ல் சுட்டுக் கொல்லப்படும் வரை வீரப்பன் பெயரே அதற்கு விளக்கமாக இருந்தது. சொந்த நிலத்துச் சந்தன மரம் உரிமையாளருக்கே சொந்தம் என்று கர்நாடகம் 2001-லும் தமிழகம் 2002-லும் சட்டத்தைத் தளர்த்தின. ஆனால் மரம் வைரம் பாய 15, 20 வருடம் ஆகும். அதுவரை யார் காத்திருப்பது? கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்ட சந்தன எண்ணெய்க்குப் பதிலாக லிக்விட் பாரஃபின் வந்தது. அதில் வடித்த பூவும் முதல் ஐந்து நிமிடம் மணக்கத்தான் செய்யும். வாங்குகிறவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருப்பதில்லை என்பதால் அது விலைபோகிறது. சந்தனத்தில் வடிப்பவருக்கு அந்த விலையில் கட்டுப்படியாவதில்லை. அவரை இப்போது பிழைக்க வைத்திருப்பது, அவசரப்படாத சில மூக்குகள்தான்.

தமிழ்நாட்டு மல்லிகையின் கதை இன்னும் விசித்திரம். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி, மாட்டுத்தாவணியிலிருந்து தலைக்கும் சாமிக்கும் போகிறது. மிஞ்சியதும், அதன் உறவான ஜாதிமல்லியும் தொழிற்சாலைக்குப் போகின்றன. அங்கே ஹெக்ஸேனில் ஊறி, மெழுகு போன்ற பொருளாகிக் கப்பல் ஏறுகின்றன. ஒரு டன் பூவுக்குக் கிடைப்பது மூன்று கிலோவுக்குள். அது பாரிஸ் பாட்டிலில் அடைபட்டு, விமான நிலையக் கடையில் டாலர் விலையில் உட்கார்ந்து, கடைசியில் ஃபாரின் செண்டாக நம் பீரோவுக்கே திரும்பி வருவதும் உண்டு. பூ கிளம்பிய ஊரின் பெயர் பாட்டிலில் இருக்காது. ஆனால் மாட்டுத்தாவணியில் வளர்ந்த மூக்கு, முதல் ஆல்கஹால் வீச்சு அடங்கியதும் அதை அடையாளம் கண்டுகொள்ளும்.

தரீபா கலானில் மோதியா கேட்டால் புறங்கையில் ஒரு துளி தடவி விடுவார்கள். அன்று வாங்காமல் மெட்ரோ ஏறி மோதி பாக் வந்துவிடுவது உத்தமம். சாயங்காலம் வரை குண்டுமல்லி இருக்கும். மறுநாள் காலை பூ போயிருக்கும், அந்த இடத்தில் பாலேடு போல ஒரு சந்தன வாசம் மிஞ்சியிருக்க வேண்டும். இருந்தால் மறுபடி போய்ச் சின்ன பாட்டிலாக வாங்கிக்கொள்ளலாம். கோடைக்கு இன்னொரு பாட்டில் கஸ். ஷமாமாவுக்கு டிசம்பர் வரட்டும்.