கைக்கேற்ற கருவி

விளையாட்டினின்றும் கற்றற்குரியது யாதுமில்லை என்றே சென்ற கோடை விடுமுறைவரையில் யானும் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியவர் என் தந்தையார்.

அவர் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலைக்குப் பல்லாண்டு பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் அவருக்குக் கை நடுக்கம் கண்டது. காப்பித் தம்ளரையும் இரு கையாலும் பற்ற வேண்டியவரானார். நாளடைவில் பேச்சும் குறைந்தது.

கணிப்பொறியில் விமானமோட்டும் விளையாட்டொன்று என்னிடம் உண்டு. 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த மைக்ரோசாப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் என்னும் அஃது, வானிலிருந்து எடுத்த படங்களைக்கொண்டு உலக முழுவதையும் காட்டுவது. நம் மலைகளும் அதன்கண் உள. இத்தகையவற்றிற்கு முன்னோடியான பயிற்சிக் கருவியை, 1929-இல் அமெரிக்கராகிய எட்வின் லிங்க் என்பார், தம் தந்தையாரின் தொழிற்சாலையில் ஆர்கன் வாத்தியத்திற்குப் பயன்பட்ட துருத்திகளைக்கொண்டு அமைத்தார்.

ஒருநாள் தந்தையாரை வற்புறுத்தி அழைத்தேன். சேலம் விமான நிலையத்தினின்று யானே விமானத்தை எழுப்பிச் சேர்வராயன் மலையைக் கடந்தபின், ஜாய்ஸ்டிக் என்னும் கோலை அவரிடம் ஒப்புவித்தேன். கையின் நடுக்கமெல்லாம் விமானத்தின் தள்ளாட்டமாயிற்று; அது மலைச்சரிவில் மோதிற்று. அவர் ஒன்றுஞ் சொல்லாமல் எழுந்து சென்றார். நன்மை செய்யப்போய்த் தீங்கிழைத்தேனோ என்று அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் விளையாட்டின் அமைப்புப் பகுதியை ஆராய்ந்தேன். கோல் நடுநிலையைச் சுற்றிச் சிறிது அசைந்தால், அவ்வசைவைக் கணிப்பொறி பொருட்படுத்தாதவாறு ஓர் எல்லை வகுக்கலாம். இதனை டெட் சோன் என்பர். யான் அதனை நூற்றுக்கு 25 என வைத்தேன். அவ்வெல்லைக்கு அப்பாலும், சிற்றசைவுக்குச் சிறிதளவும் பேரசைவுக்கு முழுதளவும் விமானம் திரும்பும் வண்ணம் சென்சிட்டிவிட்டி என்னும் அளவையும் குறைத்தேன்.

தயங்கித் தயங்கி இதனைத் தந்தையாரிடம் விளக்கினேன். அவர் முகம் மலர்ந்தது.

“தம்பி, இது ஸ்டியரிங் பிளேதானே? பிளே கொஞ்சமும் இல்லாவிட்டால், கை அசைகிற அசைவுக்கெல்லாம் வண்டி அலையும். அதிகமானால் வளைவிலே வண்டி சொன்னபடி கேட்காது. 25 கூடாது, குறை!”

அவர் கோலைப் பற்றிப் பார்க்க, யான் சிறிது சிறிதாகக் குறைத்தேன். பத்தில் நிறுத்தச் சொன்னார்.

இம்முறை விமானம் நேரே சென்றது. வெள்ளிமலையைக் கடந்து, தாம் நாள்தோறும் இறங்கிய மலைச்சாலையின் மீதே ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் நிகழ்ந்ததொன்றைச் சொல்லிக்கொண்டே வந்தார். கோமுகி அணையின் நீர்ப்பரப்புத் தோன்றியபோதுதான், அவர் ஒரு மணி நேரம் இடையறாது பேசியிருந்தமையை உணர்ந்தேன்.

நண்பர்காள்! அவர் கை இன்றும் நடுங்குகின்றது. எனினும் கையைத் திருத்த இயலாதவிடத்துக் கருவியைத் திருத்தல் கூடும். அதற்கு வேண்டிய அளவை, அக்கைக்கு உரியவரிடமே கேட்டறிதல் வேண்டும்.