தேசாதிபதி கட்டிய மாளிகை

ஹட்டனில் பொழுது புலர்ந்து கொண்டிருந்தது. மூடுபனி விலகுமுன்னரே பஸ்ஸில் ஏறி நுவரெலியாவை நோக்கிப் புறப்பட்டோம். கொட்டகலையைக் கடந்து தலவாக்கலையை நெருங்குகையில் டெவோன், சென் கிளேயர் நீர்வீழ்ச்சிகள் கண்ணுக்கு விருந்தளித்தன. வழி நெடுகிலும் கூடை சுமந்த பெண்கள் கொழுந்து பறித்துக் கொண்டிருந்தனர்.

நுவரெலியாவில் நாம் முதலிற் காணச் சென்றது கிராண்ட் ஹோட்டல். அதன் மூலக் கட்டடம், தேசாதிபதி சேர் எட்வேர்ட் பார்ன்ஸ் 1828ஆம் ஆண்டளவில் கட்டுவித்த கோடை மாளிகையாகும்.

யார் இந்தப் பார்ன்ஸ்? 1815இல் வாட்டர்லூப் போரிற் காயமுற்ற படைத்தலைவர். அதே ஆண்டிலேதான் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. 1824 முதல் 1831 வரை இலங்கையை ஆண்ட அவர், மலைநாட்டை வசப்படுத்தப் பாதைகளே வழியெனக் கண்டார். கொழும்பிலிருந்து கண்டிக்கு மலையைக் குடைந்து பெருவீதி அமைந்தது. அதற்கு உழைத்தவர்களோ, இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்துக்கு ஆட்பட்ட குடிமக்கள். அவ்வழக்கம் ஒழியலாகாதென்றே பார்ன்ஸ் கருதினார். அவர் சென்ற பின்னர், 1832இல், அது ஒழிக்கப்பட்டது.

கோப்பிப் பயிரையும் அவர் ஊக்குவித்தார். கன்னொறுவையில் தாமே தோட்டம் வைத்தார். அத்தகைய தோட்டங்களுக்கு ஆள் தேவைப்படவே, தமிழகத்து ஏழைகள் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காடுகளினூடே கால்நடையாக வந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1869இல் கோப்பியில் நோய் கண்டது. பின்னர் தேயிலை தழைத்தது. 1884இல் புகையிரதம் ஹட்டனை எட்டியது. ஆயினும், வந்தவர்களின் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோர் 1948இல் குடியுரிமையின்றி நின்றனர். எஞ்சியோர்க்கும் அவ்வுரிமையை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது.

கொழும்பிலே பார்ன்ஸுக்குச் சிலை உண்டு. அங்கிருந்தே வீதிகளின் தூரம் அளக்கப்பட்டது. கானகத்தில் நடந்து மாண்டவர்களின் தூரத்தை அளந்தவர் எவருமிலர்.

மாலையில் ஹட்டனுக்குத் திரும்பினோம். லயங்களில் விளக்குகள் ஏற்றப்பட்டிருந்தன. அடுத்த முறை மலைநாடு செல்லும் அன்பர்கள் அம்மாளிகையைக் கண்டு களிக்கலாம். அவ்விளக்குகளையும் ஒரு கணம் நின்று நோக்குவது நம் கடன்.