உலுதா மலைக்கு ஓர் அனுமதி

இஷாத் தொழுதுவிட்டு வந்து சாய்மனைக் கதிரையில் அமர்ந்தபோது துருக்கியிலிருந்து மகன் பேசினான். புலமைப்பரிசில் பெற்று பூர்சா நகரில் படிக்கின்ற இளைய மகன்.

"வாப்பா, ஜனவரி விடுமுறையில கூட்டாளிமாரோட உலுதா மலைக்குப் போகப் பிளேன் போடுறம். பனியில சறுக்க. ரெண்டு இரவு மேல நிக்கிற. நீங்க ஓமெண்டாத்தான் நான் போவன்."

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏனென்று அவனுக்கும் தெரியும்.

மருதமுனையில் எங்கள் பழைய வீடு கடலுக்கு மிக அருகில் இருந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, எங்கள் மூத்தவன் போனான். ஆறு வயது. இளையவன் அப்போது உம்மாவின் இடுப்பில் இருந்த ஒன்றரை வயதுக் குழந்தை. அதற்குப் பிறகு அவனை நான் கடலில் கால் நனைக்க விட்டதில்லை. கடற்கரையில் பிறந்தவன், இருபத்திரண்டு வயதாகியும் நீந்தத் தெரியாது. என் பயம் அவனுக்குச் செய்த குறை அது.

"யோசிப்பம் மகன்" என்றேன். ஆசிரியனாய் இருந்து ஓய்வு பெற்றவனுக்கு யோசிப்பது என்றால் வாசிப்பதுதான்.

உலுதாவின் உயரம் 2543 மீற்றர். நமது பீதுருதாலகாலையின் உயரம் 2524. பத்தொன்பது மீற்றர்தான் வித்தியாசம். ஆனால் அது பூமத்திய ரேகையிலிருந்து நாற்பது பாகை வடக்கே நிற்பதால், மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கின்றது. உஸ்மானியர் காலத்தில் அந்தப் பனியை வெட்டி, சர்பத்துக்காக இஸ்தான்புல் அரண்மனைவரை கொண்டுபோனார்களாம்.

வாசிக்க வாசிக்க மனம் இளகியது. பிறகு மற்றச் செய்தி நினைவுக்கு வந்தது. 2025 ஜனவரி 21ஆம் திகதி, அதே நாட்டின் போலு மாகாணத்திலுள்ள கர்தல்காயா பனிச்சறுக்குத் தலத்தில், அதிகாலையில் ஒரு ஹோட்டல் தீப்பிடித்து 78 பேர் மௌத்தானார்கள். பள்ளி விடுமுறைக்காகக் குடும்பம் குடும்பமாய் வந்தவர்கள். எத்தனை வாப்பாமார், எத்தனை பிள்ளைகள்! அன்றிரவு நான் உறங்கவில்லை.

மறுநாள் அவனிடம் இதைச் சொன்னேன். கோபிக்கவில்லை. "அப்ப மேல தங்காம விடுவம் வாப்பா" என்றான். அங்கிருந்துதான் எங்கள் திட்டம் தொடங்கியது.

பூர்சாவிலிருந்து மலைக்குக் கேபிள் கார் போகின்றது. ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர். சுபஹுக்குப் பின் புறப்பட்டு அந்திக்குள் அறைக்குத் திரும்பிவிடலாம். பலத்த காற்றடித்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். அப்படியானால் பயணமும் இல்லை. பள்ளிகளின் விடுமுறைக் கூட்டம் கலைந்த பிறகு, நோன்புக்கு முன் ஒரு வாரநாள். உடுப்பும் சப்பாத்தும் வாடகைக்கு. ஹெல்மெட் கட்டாயம்.

இரண்டு காலுக்கும் தனித்தனிப் பலகை கட்டுகின்ற ஸ்கீயா, இரண்டையும் ஒரே பலகையில் பூட்டுகின்ற ஸ்னோபோர்டா என்பதில் மட்டும் வாதப்பட்டோம். முதலாவதில் முழங்கால் நோவும். இரண்டாவதில் புதியவர்கள் கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்வார்கள். அவன் ஸ்னோபோர்ட்தான் என்றான். மணிக்கட்டுக் கவசம் போடுவதாக வாக்குத் தந்தான்.

தொழுகைக் கணக்கையும் பார்த்தோம். மலை முப்பத்தைந்து கிலோமீற்றர் அளவில்தான், கஸ்ருக்கு இடமில்லை. வுழூவோடு தோற்காலுறை அணிந்து போனால் ஒருநாள் மஸ்ஹு செய்துகொள்ளலாம். துருக்கியில் அதை மெஸ்த் என்று கடைகளில் விற்கிறார்களாம்.

இப்னு பதூதாவின் ஞாபகம் வந்தது. 1344இல் நமது பாவா ஆதம் மலையில் ஏறியவர், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு பூர்சாவையும் கண்டவர். வொல்காப் பக்கத்துக் குளிரில், நெருப்பருகே வெந்நீரில் வுழூச் செய்தும் தாடியில் வழிந்த நீர் உறைந்துபோனதாகவும், மூன்று உரோம அங்கிகளோடு தானாகக் குதிரையேற முடியாமல் கூட்டாளிகள் தூக்கிவிட்டதாகவும் அவர் எழுதியிருக்கிறார். மகனுக்குச் சொன்னேன். தொலைபேசியில் வெடித்துச் சிரித்தான். மூத்தவனின் சிரிப்பும் அப்படித்தான்.

"முதல் வகுப்பில என்ன படிப்பிப்பாங்க மகன்?"

"விழுறதுக்கு வாப்பா. எப்படி விழுற, எப்படி எழும்புற. அதுக்குப் பிறகுதான் சறுக்கல்."

சற்று நேரம் பேச்சு வரவில்லை. நாற்பது வருடம் ஊர்ப்பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் நான். என் பிள்ளையை விழாமல் காப்பதிலேயே காலத்தைக் கழித்துவிட்டேன். எழும்பப் பழக்கவில்லை. ஹயாத்தும் மௌத்தும் அல்லாஹ்வின் கையில் என்று எத்தனை ஜனாஸா வீடுகளில் மற்றவர்களுக்குச் சொல்லியிருப்பேன்!

"போயிட்டு வாங்க மகன். ஹெல்மெட்டக் கழட்டப்படாது" என்றேன்.

"சரி வாப்பா."

"இன்னொண்டு. ஊருக்கு வந்ததும் நீச்சல் பழகோணும். நானே கொண்டு போறன்."

அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமில்லை. பக்கத்தில் நின்ற அவனுடைய உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.