எத்தனை நிமிடம் பேசினீர்கள்?

 

உங்கள் பிள்ளையோ கணவரோ சகோதரரோ கடல் கடந்த நாட்டிலிருந்து நேற்றிரவு கைப்பேசியில் முகம் காட்டிப் பேசியிருக்கக்கூடும். எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று கேட்டால், "கொஞ்ச நேரந்தான்" என்பார் ஒருவர். "ஒரு மணி நேரம் இருக்கும்" என்பார் மற்றொருவர். இவ்விரு விடைகளையும் நான் நம்புவதில்லை. சரியான விடை உங்கள் கைப்பேசிக்குள்ளேயே, நிமிடமும் நொடியுமாக எழுதப்பட்டிருக்கிறது.

இதைச் சொல்ல எனக்குள்ள தகுதி ஒன்றே ஒன்றுதான். பல்லடம் பேருந்து நிலையத்தை அடுத்து 1991 முதல் எஸ்.டி.டி. பூத் நடத்தி, அத்தொழில் அருகியபின் அதே இடத்தில் கைப்பேசி பழுது நீக்கும் கடை வைத்திருப்பவன் நான். பிறர் பேசிய நேரத்தைக் கணக்கிட்டே என் குடும்பம் உண்டிருக்கிறது.

இளைய வாசகர்களுக்கு அக்காலம் தெரியாது. டிரங்க் கால் மூன்று மூன்று நிமிடமாக எண்ணப்பட்டது. நேரம் முடிந்தது என்று தொலைபேசி நிலைய ஊழியரே இடையில் புகுந்து சொல்வார். நாமே எண்ணைச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி இந்தியாவில் முதன்முதலாக 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே வந்தது. அது ஊருக்கு ஊர் பரவி, மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்துடன் தெருமுனைக்கு வந்து சேரப் பல்லாண்டுகள் ஆயின. கண்ணாடிக் கூண்டுக்குள் தலைக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடும். நொடி ஏற ஏற ரூபாயும் ஏறும். பேசுகிறவர் கண் அந்த எண்ணின் மீதே இருக்கும். கேட்க வேண்டியவற்றைத் துண்டுத்தாளில் எழுதிவந்த தாய்மார்களை நான் அறிவேன். "நல்லா இருக்கியா, பணம் வந்தது, தங்கச்சிக்கு நிச்சயம் பண்ணியாச்சு, வெச்சிடறேன்" என்று நாற்பது நொடியில் முடித்துவிட்டு, வெளியே வந்து அழுதவர்களையும் அறிவேன். அழுவதற்குக் கட்டணம் இல்லையல்லவா!

சவூதியிலிருந்து பிள்ளை பேசுவதாயின், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப்பின் இன்ன நேரமென்று கடிதத்தில் எழுதிவிடுவான். என் பூத்தின் எண்தான் பலருக்குப் "பி.பி." எண். குறித்த நேரத்திற்கு அரை மணி முன்பே குடும்பம் முழுவதும் வந்து பெஞ்சியில் அமர்ந்துவிடும். இரண்டு நிமிடப் பேச்சை ஒரு வாரம் பேசுவார்கள். மனம் திறந்து பேச வேண்டுமென்றால் கேசட்தான் வழி. அறுபது நிமிட நாடாவில் பேசிப் பதிந்து, ஊருக்குச் செல்பவர் கையில் கொடுத்தனுப்பிய வீடுகள் நம் சமுதாயத்தில் எத்தனையோ!

பின்னர் எண்ணும் வழக்கமே ஒழிந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிவாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் வாட்ஸ்அப் செயலி முகம் பார்த்துப் பேசும் வசதியை எல்லாருக்கும் அளித்தது. நிமிடத்திற்கு விலை இல்லை என்றானபின் நிமிடத்தை யார் நினைவில் வைப்பார்? தொலைபேசி நிறுவனத்தின் கணக்கிலும் இவ்வழைப்புகள் நிமிடமாக வருவதில்லை; செலவான டேட்டாவின் அளவாக மட்டுமே வருகின்றன.

ஆயினும் செயலி குறித்து வைக்கிறது. வாட்ஸ்அப்பில் "அழைப்புகள்" என்னும் பகுதிக்குச் சென்று, வேண்டியவர் பெயரில் உள்ள பதிவின் விவரத்தைத் திறந்தால், பேசிய நாள், தொடங்கிய நேரம், நீடித்த அளவு, செலவான டேட்டா ஆகியவை தெரியும். ஐபோனில் வட்டத்துக்குள் உள்ள "ஐ" குறியைத் தொட வேண்டும். மணி அடித்துக்கொண்டிருந்த நேரம் இக்கணக்கில் சேராது. எடுத்தபின் ஓடியது மட்டுமே சேரும். மாதம் முழுவதற்கும் கூட்டித் தரும் வசதி அதில் இல்லை. காகிதத்தில் எழுதி நாமே கூட்டவேண்டும். அழைப்புப் பட்டியலை ஒருமுறை அழித்துவிட்டால் அக்கணக்கும் போய்விடும். ஸ்கைப் செயலி 2025 மே மாதத்தில் மூடப்பட்டதையும் நினைவிற் கொள்ளுங்கள்; அதில் பேசியே பிள்ளைகளை வளர்த்த தந்தையர் உண்டு.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் இணையவழிப் பேச்சுக்கு அரசின் அனுமதி பெற்ற செயலிகளையே பயன்படுத்த முடியும்; போட்டிம் அவற்றுள் ஒன்று. சவூதி அரேபியா 2017 செப்டம்பரில் இத்தகைய தடையைத் தளர்த்தியது. ஆகவே துபாயில் இருக்கும் ஒருவர் வீட்டாரோடு ஒரு செயலியிலும், விடுமுறையில் வேறு நாடு சென்றால் மற்றொரு செயலியிலும் பேசுவார். ஒரே செயலியைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்த மாதம் பேசவே இல்லை" என்று முடிவு கட்டுவது அவருக்கு இழைக்கும் அநீதியாகிவிடும்.

அந்த எண்தான் எதை அளக்கிறது? கம்பி இணைந்திருந்த நேரத்தை. படம் உறைந்து நின்று, "கேக்குதா, கேக்குதா" என்று இரு பக்கமும் கூவிய நேரமும் அதிலே அடக்கம். கைப்பேசியைச் சமையலறை மேடையில் சாய்த்து வைத்துவிட்டுக் குழம்பு தாளித்த நேரமும் அடக்கம். நம் பகுதியில் காடாத் துணி நெய்யும் தறிக்கூடங்கள் எத்தகையவை என்று உங்களுக்குத் தெரியும். உள்ளே நுழைந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்காது, சைகைதான் மொழி. பீகாரிலிருந்து வந்து அங்கே தறி ஓட்டும் இளைஞர் ஒருவர் ஜும்ஆ முடிந்து என் கடைக்கு வருவது வழக்கம். டேட்டா ஏன் இவ்வளவு விரைவில் தீர்கிறது என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். இரவுப் பணி நேரத்தில் மனைவியோடு 48 நிமிடம், 52 நிமிடம் என்று அழைப்புகள். "அந்த இரைச்சலில் என்ன பேசுவீர்கள்?" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். பேசுவதில்லையாம். கைப்பேசியைத் தறியருகே ஒரு கட்டையில் நிறுத்திவிடுவாராம். அவள் அங்கே குழந்தையை உறங்கவைப்பாளாம். இவர் இங்கே அறுந்த இழையை முடிவாராம். ஒருவரையொருவர் அவ்வப்போது பார்த்துக்கொள்வார்களாம். ஒரு சொல்கூட இல்லாத அந்த 52 நிமிடத்தை என் பழைய பூத்தின் மீட்டர் எங்ஙனம் மதிப்பிட்டிருக்கும் என்று அன்று முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்காக எண் எப்போதும் பொய் சொல்லும் என்று நான் வாதிட வரவில்லை. முதியவர் ஒருவர், வெளிநாட்டிலுள்ள மகனிடமிருந்து அழைப்பே வரவில்லை, இக்கருவியில் ஏதோ கோளாறு, சரிசெய்து தாருங்கள் என்று கொண்டுவந்தார். பட்டியலைத் திறந்தேன். அவர் அழைத்தவை வரிசையாக இருந்தன; பெரும்பாலானவற்றிற்கு நேர அளவே இல்லை, எதிர்முனையில் எடுக்கப்படவில்லை. கடைசியாகப் பேசியது நாற்பது நாட்களுக்கு முன், 1 நிமிடம் 6 நொடி. என் கைப்பேசியிலிருந்து அழைத்துப் பார்த்தேன், நன்றாகவே ஒலித்தது. கோளாறு இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. எதிரே உள்ள வேறொரு கடைக்கு எடுத்துச் சென்றார்.

பொருளீட்டச் சென்றிருக்கும் சகோதரர்களே! உங்கள் பட்டியலை மாதம் ஒருமுறை நீங்களே கூட்டிப் பாருங்கள். வாழ்நாளை எவ்வழியில் கழித்தாய் என்று கேட்கப்படாமல் மறுமை நாளில் அடியானின் பாதம் நகராது என்ற கருத்தில் வந்துள்ள நபிமொழியைத் திர்மிதீ நூலில் காண்கிறோம். அக்கணக்கிற்கு உதவும் ஒரு சிறு குறிப்பேடு நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

ஆனால் பிறர் பட்டியலைக் கூட்டுவது வேறு விஷயம். இதுதான் இப்போது நம் வீடுகளில் மெல்ல நுழைந்துகொண்டிருக்கும் பிணி. "என்னிடம் மூன்று நிமிடம், அவளிடம் ஒரு மணி நேரம்" என்ற பேச்சு எத்தனை குடும்பங்களில் தொடங்கி எங்கெங்கோ சென்று நிற்கிறது! சென்ற ஆண்டு ஓர் அம்மையார் இரண்டு கைப்பேசிகளுடன் கடைக்கு வந்தார். ஒன்று தம்முடையது; மற்றொன்று மருமகளுடையது. அந்தப் பெண் குளிக்கச் சென்ற சமயம் எடுத்துவந்தாரோ என்னவோ, நான் கேட்கவில்லை. திரையில் பூட்டு இல்லை.

"தம்பி, எம்மவன் இவகிட்ட ராத்திரி எவ்வளவு நேரம் பேசறான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

"அந்தப் பொண்ணு கூட வந்தா பாத்துச் சொல்றேனுங்க, அம்மா" என்றேன்.

"நான் பெத்தவ. எனக்குத் தெரியக் கூடாதா?"

கோபத்தில் கேட்டார் என்று சொல்லமாட்டேன். அக்கேள்வியில் நியாயமும் இருந்தது. பத்து மாதம் சுமந்தவள், பயணம் அனுப்புகையில் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தவள் கேட்கிறாள். அவருக்கு நான் அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தைப் பற்றிச் சொன்னேன். பஜ்ருக்கு முன், நண்பகலில் ஓய்ந்திருக்கும் வேளை, இஷாவுக்குப் பின் என மூன்று நேரங்களைத் தனிமைக்குரியவையாக அவ்வசனம் குறிக்கிறது. அந்நேரங்களில் வீட்டிலேயே வளைய வரும் சிறு குழந்தைகளும் அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டும். சவூதிக்கும் நமக்கும் இரண்டரை மணி வேறுபாடு. அங்கே வேலை முடிந்து, உண்டு, ஒன்பது மணிக்கு அவன் படுக்கையில் சாய்ந்து அழைக்கையில் இங்கே பதினொன்றரை. இஷாவுக்குப் பிந்திய நேரம். கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் இருந்திருந்தால் அந்தக் கதவை நீங்கள் தட்டுவீர்களா என்று கேட்டேன். இந்தக் கண்ணாடிச் சில்லுதான் அவ்விருவருக்கும் இன்று அறை. வேறு அறை அவர்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுமுறையில்தான் வாய்க்கிறது. துருவித்துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுத்திருப்பதையும் சொல்லலாமென்று நினைத்தேன். ஒரே நாளில் அவ்வளவும் வேண்டாமென்று விட்டுவிட்டேன். கடைக்காரன் உபதேசியாகிவிட்டால் யாரும் சார்ஜர் வாங்க வரமாட்டார்கள்.

அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. மருமகளுடைய கைப்பேசியை முந்தானையில் சுற்றிக்கொண்டார். பிறகு தம்முடையதை நீட்டி, "இதுலயாவது பாக்கலாமா?" என்றார்.

அது அவருடையது. பார்த்தேன். நாள்தோறும் காலை எட்டரை மணியளவில் ஓர் அழைப்பு. பெரும்பாலும் மாலை எட்டு மணிக்குப் பின் மற்றொன்று. சவூதி நேரப்படி காலை ஆறு. மாலை ஐந்தரைக்குப் பின். "அப்ப பஸ்ஸுல இருப்பான். பின்னாடி ஆளுங்க தெரிவாங்க" என்றார். வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் அழைத்திருக்கிறான். ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், நான்கு நிமிடம். காகிதத்தில் எழுதிக் கூட்டினேன். அந்த மாதத்தில் 47 அழைப்புகள். 2 மணி 51 நிமிடம்.

"இவ்வளவா?" என்றார். கூட்டல் சரிதானா என்று இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். பார்த்தேன், சரியாகவே இருந்தது.

"அவளுக்கு எவ்வளவு வரும்?"

"அது அந்தப் பொண்ணு போன்ல இருக்குதுங்க."

முறைத்தார், பின் சிரித்துவிட்டார். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. மருமகள் தேடுவாள் என்று எழுந்தவர், திரும்பவும் அமர்ந்து, அந்த எண்களெல்லாம் பொடிப்பொடியாகத் தெரிகின்றன, எழுத்தைப் பெரிதாக்கித் தர முடியுமா என்று கேட்டார். பெரிதாக்கிக் கொடுத்தேன். கூட்டல் போட்ட காகிதத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.