சிறு பெட்டியும் என் சாட்சியும்



எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று சொல்லப்பட்ட சிறு கருவியொன்றை வாங்கி, என் பழைய காரின் ஸ்டீயரிங்குக்குக் கீழே பொருத்தினேன். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடிய வண்டி அந்த மாதம் 16 ஓடியது. மகிழ்ந்துபோய், வாடகைக் கார் ஓட்டும் நம் சபைச் சகோதரர் ஒருவரிடம் அதைச் சொன்னேன். என் சொல்லை நம்பி அவரும் ஒன்று வாங்கினார்.

அவருடைய வண்டியில் எந்த மாற்றமும் இல்லை. "ஐயா, உங்கள் வண்டிக்கு மட்டும் எப்படி?" என்று அவர் கேட்டபோது, கருவியைக் கழற்றிவிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் 16தான். கணக்கெழுதத் தொடங்கிய நாள்முதல் நான் நிதானமாக ஓட்டியிருக்கிறேன். டயர்களின் காற்றையும் தவறாமல் சரிபார்த்திருக்கிறேன். பலன் அதிலிருந்தே வந்தது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய சாதனங்கள் 100க்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்தும், எரிபொருளைக் குறிப்பிடத்தக்க அளவில் மிச்சப்படுத்தும் ஒன்றையும் கண்டதில்லை. டர்போ இன்ஜினின் கணினி நிரலை மாற்றினால் ஆற்றல் கூடுவது மெய்யே. ஆனால் தயாரிப்பாளர் இன்ஜினின் நீண்ட ஆயுளுக்கென விட்டுவைத்த இடைவெளியே அதற்கு விலையாகிறது.

சகோதரரிடம் சென்று மன்னிப்புக் கேட்டு, கருவியின் விலையை நீட்டினேன். அவர் வாங்க மறுத்துவிட்டார். கண்டதைத்தானே சொன்னேன் என்று என் மனம் வாதாடியது. ஆயினும், ஆராயாமல் நான் சொன்ன சாட்சிக்கு அவருடைய கூலியல்லவா செலவாயிற்று! நம்பப்படுகிறவன் பேசுமுன் இருமுறை அளந்து பார்க்கக் கடமைப்பட்டவன்.