நாலு மில்லிமீட்டர்

போன வருஷம் தை மாதத்திலிருந்து பங்குனி வரையில் வெள்ளிக்கிழமை என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அன்று காலையில் அம்மா குளித்து, திருநீறு பூசி, பூக்கூடையோடு வாசலுக்கு வருவாள். பேரூர்க் கோயிலுக்குப் புறப்பட்டாயிற்று என்று அர்த்தம். ஷெட்டைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள்.

"வண்டி வந்துருச்சா கண்ணு?"

"இன்னும் ரெண்டு நாள் ஆகுமாம்மா."

அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். பூக்கூடையை ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஆட்டோவில் போகலாம் என்றால் குலுக்குகிறது என்பாள். இப்போது வருகிற உயரமான கார்களில் ஏறுவதற்கு எண்பத்து நாலு வயது முழங்கால் சம்மதிப்பதில்லை. அப்பா வாங்கிய மாரிஸ் மைனர் ஒன்றுதான் அவளுக்கு வண்டி. அது அவள் உட்காருகிற உயரத்துக்குத் தாழ்ந்து நிற்கும். கதவு அகலமாகத் திறக்கும்.

அந்த வண்டியின் எஞ்சின் தலை, அதாவது சிலிண்டர் ஹெட், அப்போது உக்கடத்தில் ஒரு பட்டறையில், சாக்குப்பையின் மேல் குப்புறக் கிடந்தது. அதற்கு நாலு வால்வு வேண்டியிருந்தது. நாலே வால்வு!

நாவல் படிக்கிற நேயர்களுக்கு வால்வு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பார்ப்பதற்கு நீண்ட காம்புள்ள காளான் மாதிரி இருக்கும். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் போகிற வாசலுக்கு அது ஒரு கதவு. புகை வெளியேறுகிற வாசலுக்கு இன்னொன்று. எஞ்சின் நிமிஷத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு கதவும் 2,000 தடவை திறந்து மூடவேண்டும். நம் வீட்டு வாசற்கதவு அப்படி ஒரு நிமிஷம் அடித்துக்கொண்டால் கீல் மிஞ்சாது.

எங்கள் வண்டி 948 சி.சி. இந்த எஞ்சின் வம்சம் 1951இல் இங்கிலாந்தில் ஆஸ்டின் ஏ30 என்ற சின்ன வண்டியில் பிறந்தது. மினியில் ஏறி 1964இல் மான்டி கார்லோ பந்தயத்தை ஜெயித்தது. 2000ஆம் வருஷம் வரையில் உற்பத்தியில் இருந்தது. தலையை வடிவமைத்தவர் ஹாரி வெஸ்லேக். எரியும் அறை இதய வடிவத்தில் இருக்கும் என்று படித்திருக்கிறேன். எனக்கு அது அவரைவிதை மாதிரிதான் தெரிந்தது.

இந்தச் சரித்திரமெல்லாம் எனக்குச் சொன்னவன் என் தங்கை மகன். எங்கள் வீட்டில் தங்கி இஞ்சினீரிங் படிக்கிறான். டேவிட் விஸார்டு என்பவர் இந்த ஒரு எஞ்சினை முறுக்கேற்றுவது பற்றியே தலையணை பருமனுக்குப் புத்தகம் எழுதியிருக்கிறார். பையன் அதைப் பரீட்சைப் பாடத்தைவிடச் சிரத்தையாகப் படித்தான். எங்கள் வண்டியின் இன்லெட் வால்வு 27.8 மில்லிமீட்டர். 998 சி.சி. மினி கூப்பருக்கு 31 மில்லிமீட்டர் இட்டிருக்கிறார்கள். மூன்று மில்லிமீட்டர் என்ன பிரமாதம் என்று நான் கேட்டேன். "வட்டத்தோட பரப்பு மாமா! நூத்துக்கு இருபத்து நாலு பங்கு கூடும்" என்றான். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

கணக்கு சரியாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று. நான் ஒரு வாரம் சென்னைக்குப் போயிருந்த சமயம் பார்த்து, பையன் தலையைக் கழற்றி, கையரவை மிஷினால் போர்ட்டுகளைக் குடைந்து பெரிதாக்கி, வால்வு உட்காரும் இடத்தைப் பெரிதாக வெட்டுவதற்கு ஒரு லேத்துப் பட்டறையில் கொடுத்துவிட்டான். அவர்கள் 31 என்று சொன்னதற்கு 32 வெட்டிக் கொடுத்தார்கள். வால்வை வாங்கி வைத்துக்கொண்டு அல்லவா வெட்டவேண்டும்? பழைய வால்வைப் போட்டால் சீட்டில் உட்காராமல் தொளதொளவென்று துவாரத்துக்குள் விழுந்தது.

"ஏனுங்க சார், சட்டை தைக்கறதுக்கு முன்னாடி ஆளைக் காட்ட வேண்டாமுங்களா?" என்று பிற்பாடு மேஸ்திரி கேட்டார். அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் நான் சீமைக்கு எழுதிப் பார்த்தேன். அங்கே இந்த எஞ்சினுக்கு எல்லா அளவிலும் வால்வு கிடைக்கிறது. நாலு வால்வு, கைடு, தபால் செலவு, சுங்கம் எல்லாம் கூட்டினால் பதினெட்டாயிரம் ரூபாய் ஆயிற்று. அந்தப் பதினெட்டாயிரத்துக்கு எங்கள் வீட்டில் ஏற்கனவே மூன்று விண்ணப்பங்கள் வரிசையில் நின்றன. அதில் ஒன்று ஒழுகுகிற கூரை. நம் ஊரில் வால்வு செய்கிறவர்களைக் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் நூற்றுக்கணக்கில் எடுத்துக்கொள்வதானால் செய்யலாம் என்றார்கள். எனக்கு வேண்டியது நாலு.

சென்னையில் ஜி.பி. ரோடு இருக்கிறதே, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, அங்கே கிடைக்காத உதிரி பாகம் இல்லை என்பார்கள். ஒரு நாள் பூராவும் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எந்த வண்டி, எந்த மாடல்?" நான் "எந்த வண்டியாக இருந்தாலும் சரி, தலை 32க்கு மேல், காம்பு 7" என்பேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். பெயரும் நட்சத்திரமும் தெரியாமல், 'ஐந்தடி நாலங்குலத்தில் ஒரு பெண் வேண்டும்' என்று தரகரிடம் போய் நின்றவன் மாதிரி ஆகிவிட்டது என் கதி. அவர்களிடம் பெட்டி பெட்டியாக வால்வு இருந்தது. ஆனால் எல்லாம் பெயரால் அடுக்கப்பட்டவை, அளவால் அல்ல.

ஒரு பெரியவர் மட்டும், "948ஆ? ஸ்டாண்டர்டு ஹெரால்டு வால்வு தர்றேன், அதுவும் 948தான்" என்றார். சென்னையிலேயே செய்த வண்டி ஹெரால்டு. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து அளந்தால் காம்பு தடி, கைடுக்குள் நுழையவில்லை. இரண்டு எஞ்சினும் சி.சி.யில் ஒன்று, மற்றபடி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இந்த நிலைமையில்தான் யாரோ உக்கடத்து மேஸ்திரியைச் சொன்னார்கள். எழுபது வயசுக்கு மேல் இருக்கும். நெட்டையான ஆசாமி, சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு காந்தத் துண்டு இருக்கும். சோழவரத்தில் கார் பந்தயம் நடந்த காலத்தில் பந்தய வண்டிகளுக்கு வேலை செய்தவர். சோழவரம் என்பது சென்னைக்கு வடக்கே, இரண்டாவது உலக யுத்தத்தில் போட்ட விமான ஓடுதளம். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை வருகிற வரையில் அங்கேதான் ஓட்டினார்கள். அந்த நாளில் வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்கு லைசென்சு கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் டிராக்டர் வால்வைக் கடைந்து காருக்குப் போடுவதும், லாரி வால்வைக் கடைந்து ஜீப்புக்குப் போடுவதும் அவர்களுக்குப் பழக்கம்.

மேஸ்திரி எங்கள் ஹெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளையம் இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுபோய்விடலாமே என்று நான் கேட்டேன். விரலால் உள்ளே தடவிவிட்டு, "சதை இல்லீங்க. வளையத்துக்குத் தோண்டினா தண்ணி வர்ற அறை தொறந்துக்கும்" என்றார். எக்ஸாஸ்ட் பக்கத்துக்கு மட்டும் கெட்டியான வளையம் ஏற்கனவே போட்டிருந்தது. 2000இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபோது அப்பா போட்டது. அதுவரையில் ஈயந்தான் அந்தச் சீட்டுகளுக்கு மெத்தை மாதிரி இருந்து காப்பாற்றியதாம்.

"இன்னும் பெரிசாவே போட்டா என்னங்க?" என்று பையன் மெதுவாக ஆரம்பித்தான். "கூப்பர் எஸ்ஸுக்கு 35.6..."

"போடலாம். தொறக்கறப்ப சிலிண்டர் ஓரத்துல போய் இடிக்கும். அப்புறம் அதையும் தோண்டுவயா?" என்றார் மேஸ்திரி. பையன் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

அடுத்து அவர் செய்ததை நான் மறக்கமாட்டேன். மூலையிலிருந்த கோணிப்பையை இழுத்துத் தரையில் கவிழ்த்தார். நூறு நூற்றைம்பது பழைய வால்வுகள் கலகலவென்று கொட்டின. கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவது போல் பொறுக்கத் தொடங்கினார். காந்தம் தலையில் ஒட்டினால் ஒரு பக்கம், ஒட்டாவிட்டால் இன்னொரு பக்கம். புகை வால்வு செந்தணலாகக் காய்வதைத் தாங்கவேண்டும். அதற்கென்று உள்ள எஃகில் காந்தம் ஒட்டாது. இன்லெட் வால்வு வேறு ஜாதி. காந்தத்தில் ஒட்டும், நுனியைக் கெட்டிப்படுத்தவும் முடியும்.

ஒரு தடித்த வால்வை மட்டும் எடுத்து எங்களுக்குக் காட்டிவிட்டுத் தனியே வைத்தார். "இதைக் கடையக்கூடாதுங்க. உள்ளே கூடு." காம்புக்குள் சோடியம் அடைத்த வால்வு அது. சூட்டில் சோடியம் உருகி, உள்ளே குலுங்கி, தலையின் சூட்டைக் காம்புக்குக் கடத்தும். அதைச் சரிப்படுத்தியவர் சாம் ஹெரன் என்று ஓர் ஆங்கிலேயர். அமெரிக்காவில் வேலை பார்த்தவர். 1927இல் லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தின் எஞ்சினில் அவருடைய வால்வுகள்தான் இருந்தன. அதைத் தெரியாத்தனமாக லேத்தில் அறுத்து, சோடியத்தின் மேல் தண்ணீர் பட்டால் தீப்பிடித்துக்கொள்ளும்.

கடைசியில் ஒரு வால்வை வெர்னியரில் அளந்து, காதருகே வைத்துத் தட்டிப் பார்த்து, "இதுதானுங்க" என்றார். தலை 36, காம்பு 7, நீளம் சற்றுக் கூட. தலையைக் கடைந்து 32 ஆக்கலாம். எங்கள் காம்பு 7.1, ஆகையால் புதுக் கைடு போட்டு 7க்குத் துளைத்துக்கொள்ளலாம்.

"இது எந்த வண்டியோட வால்வு?" என்று கேட்டேன்.

மேஸ்திரி சிரித்தார். "அதைச் சொல்லிட்டா நாளைக்கு என்ற பட்டறைக்கு யாருங்க வருவாங்க?"

பழையதைப் போடமாட்டேன் என்று சொல்லி, அதே ஜாதியில் புதிதாக ஐந்து வாங்கிவந்தார். ஒன்று நூற்றெண்பது ரூபாய். அட்டைப்பெட்டிகளைக் கிழித்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். ஐந்தாவது எதற்கு என்றேன், பதில் இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது பதில் கிடைத்தது. நீளத்தைக் குறைத்ததால் காம்பின் நுனிக்குச் சற்றுக் கீழே, லாக் பிடிப்பதற்குப் புதுப் பள்ளம் எடுக்கவேண்டும். லேத்துப் பையன் முதல் வால்வில் எடுத்திருந்தான். எனக்குப் பார்க்க அழகாகவே இருந்தது. கத்தியால் கீறினது போல் நேர்த்தியான பள்ளம். மேஸ்திரி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பார்த்தவர், வால்வைத் தூக்கிப் பழைய இரும்பு டின்னில் எறிந்துவிட்டார்.

"என்ன மேஸ்திரி, நூத்தெண்பது ரூபாயாச்சே!" என்று அலறினேன்.

"மூலை கூர்மையா இருக்குதுங்க. அங்கதான் விரிசல் வுளும். பள்ளத்தோட அடி உருண்டையா இருக்கோணும்."

"நாங்கள் பந்தயத்துக்கா ஓட்டப்போகிறோம்? பேரூருக்கும் மார்க்கெட்டுக்கும்தானே?"

"பந்தய வண்டின்னா போட்டிருப்பனுங்க. அங்க ஒடைஞ்சா வண்டிய ஓரமாத் தள்ளிப்போட்டு வந்துருவான். இது அம்மா ஏற்ற வண்டிங்களே. வால்வு முறிஞ்சு உள்ளே வுளுந்தா பிஸ்டனு, பிளாக்கு எல்லாம் போச்சு. அவிங்களை நடுரோட்டுலயா எறக்கி வுடுவீங்க?"

பதினெட்டாயிரத்தை மிச்சம் பிடிக்க வந்தவன் நூற்றெண்பதுக்கு வாதாடியது எனக்கே வெட்கமாகப் போயிற்று. மற்ற நாலையும் அவரே அரவைக் கல்லில் பிடித்துப் பள்ளம் எடுத்தார். கை கொஞ்சம் நடுங்கும். ஆனால் வேலை கல்லைத் தொட்டதும் நடுக்கம் நின்றுவிடும். வெட்டுப்பட்ட நுனியில் கெட்டி போய்விட்டபடியால், நுனியை மட்டும் காய்ச்சி எண்ணெயில் தோய்த்துக் கெட்டிப்படுத்தினார். அரம் அதன் மேல் வழுக்குகிறதா என்று எங்களையே இழுத்துப் பார்க்கச் சொன்னார்.

சீட்டில் வால்வைத் தேய்த்து உட்காரவைக்கிற வேலையை எங்களிடமே விட்டார். வால்வு பேஸ்டைத் தடவி, ரப்பர் நுனி உள்ள கட்டையை ஒட்டவைத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே மத்துக் கடைகிற மாதிரி உருட்டவேண்டும். சொரசொரவென்ற சப்தம் வழவழவென்று மாறுகிற வரையில் உருட்டவேண்டும். நானும் பையனும் ஷெட்டில் உட்கார்ந்து மூன்று சாயங்காலம் உருட்டினோம். கண்டிக்கவேண்டும் என்று எத்தனையோ சொற்கள் சேர்த்து வைத்திருந்தேன். கை இரண்டும் வேலையில் இருந்தால் கோபம் சரியாக வருவதில்லை. ஹெட்டைக் கவிழ்த்து அறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றினோம். மூன்று அறையில் சொட்டு ஒழுகவில்லை. நாலாவதில் கசிந்தது, மறுபடி உருட்டினோம்.

வண்டியைப் பூட்டி முடித்து, எஸ்.யூ. கார்புரேட்டரைக் கொஞ்சம் தாராளமாக்கிக் கிளப்பியபோது மேஸ்திரி ஒரே ஒரு எச்சரிக்கைதான் கொடுத்தார். "வேகத்துல நல்லா இழுக்கும். மெதுவாப் போறப்ப முன்னாட்டம் இருக்காதுங்க. வாசல் பெரிசானா காத்து சோம்பேறி ஆயிரும்." கூலியும் சாமானும் எல்லாம் சேர்த்து நாலாயிரத்து இருநூறு ஆயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா பூக்கூடையோடு வந்தாள். வண்டி வாசலில் நின்றது. கதவைத் திறந்துவிட்டேன். உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, "பெரிசு போட்டாச்சா?" என்றாள்.

"என்ன பெரிசு?"

"அதுதான், காளானாட்டம் இருக்குமே. பையன் அப்பவே எனக்குப் படம் போட்டுக் காட்டினான். லேத்துக்காரனுக்கு நாந்தான் ரெண்டாயிரம் குடுத்தேன்."

எனக்குப் பேச்சு எழவில்லை. பையன் பின் ஸீட்டில் ஜன்னலுக்கு வெளியே வெகு சிரத்தையாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"மருதமல ஏறறப்ப உங்கப்பா காலத்துல இருந்து இது மொதல் கியர்லயே மொனகுது. பின்னால வர்ற பஸ்காரன் ஆரன் அடிச்சே கொல்றான். அதான் சரி, பண்ணுன்னு சொன்னேன்."

"அப்படியானால் வெள்ளிக்கிழமை தவறாமல் 'வண்டி வந்துருச்சா, வண்டி வந்துருச்சா'ன்னு எதுக்கும்மா கேட்டே?"

"கேக்காட்டி நீ முடிச்சிருப்பயா?"

கூட்டமில்லாத ஒரு புதன்கிழமையாகப் பார்த்து மருதமலைக்குப் போனோம். அடிவாரத்தில் கொஞ்சம் வேகம் பிடித்துக்கொண்டு இரண்டாவது கியரில் ஏறினேன். வண்டி நன்றாகவே இழுத்தது. ஆனால் பாதிக்கு மேல் ஒரு வளைவில் வேகம் குறைந்ததும், மேஸ்திரி சொன்னது போலவே மூச்சு இளைத்தது. முதல் கியருக்கு இறங்கத்தான் வேண்டியிருந்தது. அம்மா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பஸ் ஏதாவது வருகிறதா என்று வழி நெடுகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அன்றைக்கென்று ஒன்றும் வரவில்லை.